கவிதையில் பன்றியைப் பாடலாமா? அசிங்கமாக இருக்காதா?

தாராளமா பாடலாம். நீங்க இத சும்மா கேட்டிருக்க மாட்டீங்க, யாரோ உங்க கவிதைய படிச்சுட்டு "வேற மிருகமே கிடைக்கலையா"ன்னு முகம் சுளிச்சிருக்காங்க, அதான? எனக்கும் நடந்துச்சு, அதனாலதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

எங்க பாட்டி பன்னி வளர்த்தவங்க. குட்டி போட்டுச்சுன்னா ராத்திரி தூங்க மாட்டாங்க, ஏன்னா தாய்ப்பன்னி அசதியில புரண்டு படுத்தா குட்டி அடியில மாட்டி நசுங்கிடும், அதனால பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொண்ணா நகத்தி விட்டுக்கிட்டே இருப்பாங்க. காலேஜ்ல தாய்மைங்கற தலைப்புல கவிதைப் போட்டி வச்சப்ப நான் இததான் எழுதிக் குடுத்தேன். பொறுப்புல இருந்த தமிழ் ஆசிரியர் நல்லாருக்குன்னுதான் சொன்னாரு, ஆனா "பன்றின்னு வர்ற எடத்துல எல்லாம் பசுன்னு போட்டுக்கப்பா, ஓசையும் கெடாது, கேக்கறவங்களுக்கும் சங்கடமா இருக்காது"ன்னாரு. பசுவுக்கு ஒரே ஒரு கன்னு, அப்பறம் எங்க பாட்டி எதுக்கு ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கணும்? கவிதையே இல்லாம போயிடும். மாத்த மாட்டேன்னேன், பேர லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க.

அவர் கெட்டவர்னு நான் சொல்லல. ஆனா பன்னி மேடைக்கு ஆகாதுன்னு சொல்றப்ப அத வளர்த்துப் பொழைக்கிற சனமும் ஆகாதுன்னு சேத்துதான் சொல்றாங்க. இத சாதிப் பேச்சுன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க, தெரியும். ஆமா, அந்தப் பேச்சும் இதுல இருக்கு, இல்லாத மாதிரி என்னால நடிக்க முடியாது.

அதுக்கப்புறம் எம்ஏ படிக்கறப்பதான் திருவாசகம் முழுசா வாசிச்சேன். திருவார்த்தைப் பதிகத்துல மாணிக்கவாசகர் சொல்றாரு, "ஏவுண்ட பன்றிக்கு இரங்கி"ன்னு ஆரம்பிச்சு, ஈசன் "கேவலம் கேழலாய்ப் பால்கொடுத்த" கதைய. அம்பு பட்டு செத்த பன்னியோட குட்டிங்க பசியில கிடந்து துடிக்குது, சிவனே தாய்ப்பன்னியா வந்து படுத்து முலை குடுக்கறாரு. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடல் புராணத்துல இதுக்கு தனிப் படலமே வச்சிருக்காரு, மொத்தம் 12 குட்டி, அடுத்த படலத்துல அதுங்க பாண்டியனுக்கு மந்திரியாவே ஆகுதுங்க. பசுவா வந்து பால் குடுத்தாருன்னு பாடியிருந்தா யாருக்கும் சங்கடம் இருந்திருக்காது, ஆனா பன்னிக்குட்டிக்குப் பன்னியாத்தான வரணும்! இத வாசிச்ச அன்னைக்கு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, உண்மையாவே சொல்றேன்.

ஆண்டாள் இன்னும் ஒரு படி மேல. நாச்சியார் திருமொழில வராக அவதாரத்தப் பத்தி "மாசுடம்பில் நீர்வாரா மானமிலாப் பன்றியாம்"னு பாடுறாங்க. ஒடம்பெல்லாம் அழுக்கு, தண்ணி ஒழுகுது, மானம் இல்ல. பக்தர்கள் கோவப்பட வேண்டாம், இது திட்டு இல்ல. பூமிப்பொண்ணு பாசி புடிச்சுக் கிடக்கறா, அவளுக்காகத் தன் கௌரவத்தப் பாக்காம இவ்ளோ தூரம் எறங்கினவன் நம்மகிட்ட மட்டும் ஏன் வர மாட்டேங்கறான்னு ஏங்கற பொண்ணோட பாட்டு அது. அந்தச் சேத்தக் கழுவிட்டா பாட்டுல காதலே நிக்காது. எழுதறவங்க இங்கதான் கத்துக்கணும்னு நெனைக்கிறேன்.

பக்திப் பாட்டு வேண்டாம்னா சங்கப் பாட்டு இருக்கு. நற்றிணை 98, உக்கிரப்பெருவழுதி பாடினது. முள்ளம்பன்றி முள்ளு மாதிரி பிடரி மயிர், சின்னக் கண்ணு, தினைப்புனத்துல மேயலாம்னு ஒரு காட்டுப்பன்னி பொறி வச்ச சந்துக்குள்ள நுழையுது. பக்கத்துல பல்லி கத்துது. ஒடனே மெல்ல மெல்லப் பின்வாங்கி தன் கல்லுக் குகைக்கே திரும்பிப் போயிடுது. பாட்டுல வர்ற பொண்ணோட காதலன் அந்த மலைநாட்டுக்காரன், அவனோ அவ அப்பா வீட்டுக் காவல் அசர்ற நேரம் பாத்து ராத்திரில வர்றான், அதான் அவ பயம். அந்தப் பன்னிக்கு இருக்கற சூதானம் கூட அவனுக்கு இல்லையேன்னு நான் வாசிச்சுக்கறேன், வேற மாதிரி வாசிக்கறவங்க இருக்கலாம், சண்டை வேண்டாம். கவனிங்க, இதுல பன்னி அசிங்கமும் இல்ல சாமியும் இல்ல, புத்தியுள்ள ஒரு காட்டு உயிர், அவ்வளவுதான்.

இப்ப சினிமால பன்னிங்கதான் கூட்டமா வரும்னு ஒரு வசனம் வந்தா தியேட்டரே கைதட்டுது. நெஜத்துல வளர்ந்த ஆண் காட்டுப்பன்னி பெரும்பாலும் தனியாத்தான் திரியும், கூட்டமா வாழறது சிங்கம். சேத்துல புரள்றதும் அழுக்கு மேல ஆசையில இல்ல, அதுக்கு சரியா வேர்க்காது, சூட்டத் தணிக்கத்தான் புரளுது. நீங்க பேராசைக்கோ ஊழலுக்கோ குறியீடா பன்னிய வச்சிருந்தீங்கன்னா, தப்புன்னு சொல்லல, ஆனா அது எல்லாரும் பண்றது. கண்ணால பாத்த பன்னிய எழுதுங்க.

என் கவிதைய ஒரு சிற்றிதழ்ல ஒரு சொல் மாத்தாமப் போட்டாங்க, பாட்டிக்கு வாசிச்சும் காட்டினேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தொகுப்பு நூல்காரங்க, கவிதை சூப்பர், பக்கத்துக்கு இவ்ளோ காசு கட்டுங்க, சான்றிதழும் ஷீல்டும் தர்றோம்னாங்க. புதுசா எழுதற பசங்ககிட்ட இப்படிப் புடுங்கறத பாத்தா எனக்கு வயிறு எரியுது, இதப் பத்தி ஏன் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க? உங்களுக்கும் மெசேஜ் வரும், கட்டாதீங்க. காசு கேக்காத சிற்றிதழுக்கு அனுப்புங்க, பன்னின்னு இருக்கற எடத்துல பன்னின்னே இருக்கட்டும்.