கூலியா, கொடையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரே சபையைச் சேர்ந்தவை அல்ல. தவக்காலத்தில் நாங்கள் ஒன்றுகூடி வேதம் வாசித்தபோது, மனிதன் இரட்சிக்கப்படுவது விசுவாசத்தினாலா, நற்கிரியைகளினாலா என்ற கேள்வியே பல வடிவங்களில் எழுந்தது. எழுதித் தரப்பட்டவற்றுள் சிலவற்றுக்கு, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, மெதடிஸ்ட் சபையில் பிரசங்கித்து வரும் நான் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்று பவுல் எழுதுகிறார் (ரோமர் 3:28). விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்று யாக்கோபு எழுதுகிறார் (2:24). இருவரில் யாரை நம்புவது? (செம்பனைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர்)

பதில்: இருவரும் ஒரே மனிதரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள் என்பதை முதலில் கவனியுங்கள். ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்து வசனத்தை இருவருமே எடுத்தாளுகிறார்கள். பவுல் அந்த இடத்திலேயே நின்று, அப்போது ஆபிரகாம் நுனித்தோல் நீக்கும் சடங்கான விருத்தசேதனம்கூடப் பெற்றிருக்கவில்லை, அது 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது என்று சுட்டிக்காட்டுகிறார். யாக்கோபோ 22-ஆம் அதிகாரத்துக்குச் சென்று, ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய ஆபிரகாமைக் காட்டுகிறார். முதலாமவர் காட்டுவது ஒரு வாழ்வின் தொடக்கத்தை. இரண்டாமவர் காட்டுவது பல ஆண்டுகளுக்குப் பின் அந்த வாழ்வு எப்படி வெளிப்பட்டது என்பதை.

அவர்கள் யாரை நோக்கிப் பேசினார்கள் என்பதும் வேறு. யூதரல்லாதோர் விருத்தசேதனம் செய்துகொண்டு, மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டால்தான் தேவஜனமாக முடியும் என்றவர்களுக்குப் பவுல் பதில் சொன்னார். யாக்கோபுக்கு எதிரே நின்றவர்களோ, உடையும் உணவும் இல்லாத சகோதரனிடம் “சமாதானத்தோடே போ” என்று வாயால் வாழ்த்தி அனுப்பிவிட்டுத் தங்களிடம் விசுவாசம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள். அத்தகைய விசுவாசம் பிசாசுகளுக்கும் உண்டு, அவை நடுங்கவும் செய்கின்றன என்று அவர் எழுதியதில் ஒரு கிண்டல் இருக்கிறது. நான் அதை எப்போதும் ரசித்து வாசிப்பேன்.

சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தருக்கு யாக்கோபின் இந்த நிருபம், அதாவது கடிதம், பிடிக்கவில்லை. 1522-இல் வெளிவந்த தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்றார். அதே மொழிபெயர்ப்பில் ரோமர் 3:28-இல் மூலத்தில் இல்லாத “மாத்திரம்” என்ற சொல்லையும் சேர்த்தார். மூலத்தில் “விசுவாசத்தினாலே மாத்திரம்” என்ற தொடர் வருவது யாக்கோபில்தான், அதுவும் “அல்ல” என்பதோடு சேர்ந்து. லுத்தர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு என்றாலும், யாக்கோபைப் பற்றிய அவருடைய இந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை.

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண்; என் கணவர் லுத்தரன். கத்தோலிக்கர் புண்ணியம் செய்து மோட்சத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்கிறார் அவர். உண்மையா?

பதில்: இல்லை, அம்மா. கத்தோலிக்கத் திருச்சபையின் பேரவையான திரிதெந்தின் சங்கம் 1547-ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் தெய்வீக அருளின்றித் தன் சொந்தச் செயல்களால் மனிதன் நீதிமானாக முடியும் என்பவரைச் சபைக்குப் புறம்பாக்குகிறது. அதற்கும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே, மனித முயற்சியே போதும் என்ற பெலாகியுவின் போதனையைக் கார்த்தேஜ் சங்கம் 418-இல் கண்டித்திருந்தது. எனவே உங்கள் கணவர் எதிர்க்கும் கருத்தை உங்கள் திருச்சபையும் எதிர்க்கிறது என்பதை அவரிடம் சொல்லுங்கள். பாவப் பொறுத்தலுக்கும் பணத்துக்கும் முடிச்சுப் போட்ட பலன்சீட்டு வியாபாரம் லுத்தரை 1517-இல் கொதித்தெழச் செய்தது உண்மைதான்; அந்தக் கோபம் நியாயமானது என்பதைக் கத்தோலிக்க அறிஞர்கள் பலரும் இன்று ஒப்புக்கொள்கிறார்கள்.

உண்மையான வேறுபாடு நுட்பமானது, அதன் ஒரு பகுதி நம் தமிழ் வேதங்களிலேயே தெரிகிறது. உங்கள் வீட்டில் இரண்டு வேதாகமங்கள் இருக்கும்; இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கணவருடைய வேதத்தில் விசுவாசம், கிரியை, கிருபை, இரட்சிப்பு என்று இருப்பவை, உங்கள் வேதமாகிய, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, செயல், அருள், மீட்பு என்றும், “நீதிமானாக்கப்படுகிறான்” என்பது “ஏற்புடையவர்” ஆவது என்றும் இருக்கும். தேவன் பாவியை நீதிமான் என்று அறிவிக்கிறார் என்பதை லுத்தரன் மரபு அழுத்திச் சொல்கிறது. அறிவிப்பதோடு நில்லாமல், அருளை உள்ளே ஊற்றி அவனை உண்மையிலேயே நீதியுள்ளவனாக மாற்றுகிறார் என்பதைக் கத்தோலிக்க மரபு அதே அழுத்தத்தோடு சொல்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பாரும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். நம்மிடமுள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, அருளினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தினாலே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், நம்மைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கும் தூய ஆவியைப் பெறுகிறோம் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. மெதடிஸ்ட்களாகிய நாங்களும் 2006-இல் அதனோடு இணைந்தோம். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் சண்டை போடும் அளவுக்கு இதில் ஒன்றும் மீதமில்லை.

கேள்வி: என் பெரியப்பா நாற்பது வருடம் குடித்து, பெரியம்மாவை அடித்து, பிள்ளைகளைப் பட்டினி போட்டவர். மருத்துவமனையில் கடைசி வாரத்தில் மன்னிப்புக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றார். ஞாயிறு தவறாமல் ஆலயம் சென்ற பெரியம்மாவுக்கும் அவருக்கும் ஒரே மோட்சமா? இது என்ன நியாயம்? (ஒரு தாதி)

பதில்: இந்தக் கேள்வியில் இருக்கும் கோபத்தை நான் மதிக்கிறேன். மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சைத் தோட்டத்து உவமையில், ஒரு மணி நேரமே உழைத்தவர்களுக்கும் எஜமான் முழுநாள் கூலியாகிய ஒரு பணத்தைக் கொடுத்தபோது, விடியற்காலை முதல் உழைத்தவர்களும் இதே கோபத்தோடுதான் முறுமுறுத்தார்கள். நம் மக்களைப்போல் அந்த உவமையைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் வேறு எவரும் இருக்க முடியாது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நம் தாத்தா பாட்டிமார் இருட்டோடு எழுந்து ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் நின்று, வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் ஏறினால்தான் அன்றைய கூலி என்ற கணக்கில் வாழ்ந்தவர்கள். மழை பெய்து பால்மரம் நனைந்துவிட்டால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில், மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் துரை முழுநாள் கூலியைக் கொடுத்தால் கணக்கெழுதும் கிராணியின் மேசை முன்னே என்ன கூச்சல் எழும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் கடைசியாக வந்தவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்றார்கள் அல்லவா? அவர்கள் வீட்டிலும் அன்றிரவு உலை கொதிக்க வேண்டும். ஒரு பணம் என்பது ஒரு குடும்பத்தின் ஒருநாள் பிழைப்பு. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் கொடுத்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும், பிள்ளைகள் பசியோடு படுத்திருப்பார்கள். வேலை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையாக அல்ல, கடனாகவே எண்ணப்படும் என்கிறார் பவுல் (ரோமர் 4:4). தேவன் நமக்குக் கடன்பட்டவர் அல்லர் என்பதுதான் இந்த உபதேசத்தின் அடித்தளம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்கு மன்னிப்புக் கிடைத்தது என்பதனால் பெரியம்மா பட்ட அடி இல்லையென்று ஆகிவிடாது. அவர் கணவரை உடனே மன்னித்தாக வேண்டும் என்று சபையில் எவரும் நெருக்குவதற்கு இந்த உவமை அனுமதி கொடுக்கவில்லை. கடைசி வாரத்தை நம்பி முதல் நாற்பது வருடத்தை வீணாக்கலாம் என்று எண்ணுபவருக்கும் ஒரு சொல்: சிலுவையில் மனந்திரும்பிய கள்வனுக்கு அன்றைக்கே பரதீசு வாக்களிக்கப்பட்டது, பக்கத்துச் சிலுவையில் தொங்கியவனுக்கும் அதே நேரம் இருந்தது.

கேள்வி: அப்படியானால் விசுவாசம் வந்தபின் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாமா? (இடைநிலைப்பள்ளி மாணவர்)

பதில்: கூடாது, தம்பி. இதே கேள்வியைப் பவுலே ரோமர் 6:1-இல் எழுப்பி, அடுத்த வசனத்திலேயே “கூடாதே” என்று முடித்துவிடுகிறார். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் அல்ல என்னும் எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் நம் வாலிபர்கள் பத்தாம் வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கே இருக்கிறது.

கேள்வி: நான் இந்து, மனைவி கிறிஸ்தவர். செய்த வினைக்கேற்ற பலன் என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்தது. உழைக்காமல் வரும் மோட்சம் எனக்கு விளங்கவில்லை.

பதில்: ஐயா, இந்த விவாதம் நம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. இறைவனிடம் சேரும் மனிதன், தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாயே வாயில் கவ்வித் தூக்கிச் செல்லும் பூனைக் குட்டியா என்று வைணவர்களுள் வடகலையாரும் தென்கலையாரும் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். இரு மதங்களும் ஒன்றே என்று சொல்ல நான் இதைக் குறிப்பிடவில்லை. கிறிஸ்தவத்தில் எல்லாம் சிலுவையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சார்ந்து நிற்கிறது. ஆனாலும் பூனைக் குட்டியை நினைத்துக்கொண்டு ரோமர் நிருபத்தை வாசித்தால் உங்கள் மனைவி சொல்வது ஓரளவு விளங்கும். எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒழுங்கும் நோன்பும் தர்மமும் தவறாத குருவாக இருந்தும் மன அமைதியின்றித் தவித்தவர். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டதைக் கேட்டபோதுதான் அவர் உள்ளத்தில் அனல் மூண்டது. அதன்பின் அவர் தர்மத்தை விட்டுவிடவில்லை, முன்னிலும் அதிகமாகச் செய்தார்.

கேள்வி: காணிக்கையாக ஒரு தொகை விதைத்தால் ஆசீர்வாதமும் இரட்சிப்பும் உறுதி என்று ஒரு போதகர் சொல்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள்.

கேள்வி: கடைசி நாளில் பசித்தவனுக்குப் போஜனம் கொடுத்தாயா என்றுதானே இயேசு கேட்கிறார் (மத்தேயு 25)? விசுவாசத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லையே. (தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தும் அம்மா)

பதில்: உண்மைதான் அம்மா, அந்தப் பகுதியை மழுப்பிப் பேசும் பிரசங்கங்களைக் கேட்டு நானும் சலித்திருக்கிறேன். எந்த விளக்கத்தாலும் அதன் கூர்மையை மழுங்கடிக்கக் கூடாது: உண்ணக் கொடுக்காதவர்கள் இடப்பக்கம் நிற்கிறார்கள். ஆனால் வலப்பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். “ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?” என்று அவர்கள் வியந்து கேட்கிறார்கள். தாங்கள் கொடுத்த சோற்றுக்கு அவர்கள் கணக்கு வைத்திருக்கவில்லை. காலையில் பால் வெட்டப் போன தாய்மாரின் பிள்ளைகளை இத்தனை வருடம் குளிப்பாட்டி உண்ணக் கொடுத்த உங்களிடம், மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று சென்ற வாரம் நான் கேட்டபோது, “யார் எண்ணினார்கள்?” என்றுதானே நீங்களும் சொன்னீர்கள்.