வாசகர் கேள்வி பதில்: அம்மாவின் கைத்தடம் பட்ட சுவர்

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு 78 வயது. பினாங்கு ஆயர் ஈத்தாமில், நாங்கள் பிறந்து வளர்ந்த வரிசை வீட்டில் தனியாக இருக்கிறார். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. வீடு முழுவதும் கேமரா பொருத்தலாம் என்கிறான் தம்பி. கோலாலம்பூருக்கு வந்து என்னோடு இருங்கள் என்கிறேன் நான். அம்மா இரண்டுக்கும் மசியவில்லை. எதிலிருந்து தொடங்குவது?
- வாசகி, செந்தூல்

பதில்: சகோதரி, அம்மா சொல்வதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். எந்தத் தூண் எங்கே இருக்கிறது, எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று இருட்டிலும் அவர் கைக்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதான். அவர் அங்கேயே இருக்கட்டும். வீட்டை மாற்றுவோம்.

அடுத்த முறை போகும்போது ஓர் இரவு தங்குங்கள். நள்ளிரவில் அவர் கழிப்பறைக்கு எழுந்தால், கை எட்டும் தூரத்தில் பின்னாலேயே நடந்து பாருங்கள். எங்கே தயங்குகிறார், எதைப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். காலையில் அதே வழியில் சுவர்களைப் பாருங்கள். கதவு நிலையை ஒட்டி, இடுப்புக்குச் சற்று மேலே, ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பு கறுத்து மழமழவென்று இருக்கும். அது அம்மாவின் உள்ளங்கை. கைப்பிடிக் கம்பி வரவேண்டிய இடம் அதுதான்.

முப்பது ஆண்டுகள் கட்டட வேலை பார்த்த எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில், துண்டு போடும் கம்பி அடிக்கடி ஆட்டம் கண்டது. மூன்று முறை திருகை இறுக்கினேன். என் தாயார் தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாள் காலையில் கம்பி அவர் கையோடு வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. தரையில் கிடந்த அந்த இரண்டு சிறிய திருகுகளும், அவற்றில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளும் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆகவே ரப்பர் குமிழால் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடியை வாங்காதீர்கள். முழு உடல் எடையும் ஒரே நொடியில் தொங்கினால் அது தாங்காது. செங்கல் சுவரில் துளையிட்டு, விரிந்து இறுகும் போல்ட் கொண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைப் பொருத்தச் சொல்லுங்கள். கம்பிக்கும் சுவருக்கும் இடைவெளி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் போதும். அதிகமானால் முழங்கை உள்ளே சிக்கும். பொருத்திய பிறகு நீங்களே தொங்கிப் பாருங்கள்.

அடுத்தது குளியலறைக் கதவு. அது உள்பக்கம் திறந்தால், விழுந்தவர் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். உதவிக்கு ஓடி வருபவர் வெளியே நின்று தவிக்க வேண்டியதுதான். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருகித் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். தரை ஓடு மாற்றுவதானால் ஆர் 9 வேண்டாம். ஓடு எவ்வளவு வழுக்காது என்பதைக் குறிக்கும் அந்த அளவுகோலில் அதுதான் கடைசி; எண் கூடக்கூட வழுக்கல் குறையும். ஆர் 11 கேளுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, ஆள் நடமாட்டம் கண்டு தானே எரியும் சிறு விளக்குகள் இரண்டு மூன்று செருகுங்கள். இருபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் எட்டுகிறது. அம்மாவுக்கோ 78.

நம் ஊர் வீடுகளில் எனக்கு மிகவும் பயம் தருவது வாசல் கிரில். உள்ளே பூட்டுப் போட்டுவிட்டு, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். அவசரத்தில் யார் உள்ளே வருவது? நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவியை இன்றே கொடுத்து வையுங்கள்.

இனி தம்பியின் கேமரா. அவன் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் கேமரா விழுந்ததைக் காட்டுமே தவிர, விழாமல் தடுக்காது. குளியலறையிலும் படுக்கையறையிலும் அது கூடவே கூடாது. கூடத்தில் ஒன்று வைப்பதானாலும் அம்மா மனமுவந்து சரி என்ற பிறகுதான். அதைவிட, விழுந்ததை உணரும் கைக்கடிகாரம் பயன்படும். ஆப்பிள் கைக்கடிகாரத்தில் 2018 முதல் அந்த வசதி இருக்கிறது: பலமாக விழுந்தவர் ஒரு நிமிடம்போல அசையாமல் கிடந்தால், அது தானே அவசர எண்ணை அழைக்கும். குளிக்கும்போது பலர் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள், விழுவதோ அங்கேதான். மின்னூட்டத்தைப் பகலில், அவர் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் நேரத்துக்கு மாற்றிவிட்டு, குளியலறையில் கையிலேயே இருக்கப் பழக்குங்கள். கடிகாரமே வேண்டாம் என்றால், இழுத்தால் மணி அடிக்கும் கயிறு ஒன்று பொருத்துங்கள். கயிற்றின் நுனி தரையிலிருந்து 10 சென்டிமீட்டருக்குள் தொங்க வேண்டும். விழுந்து கிடப்பவர் கை அவ்வளவுதான் உயரும்.

கேள்வி: அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாசலில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு படி. சாய்தளம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? குத்தகையாளர் 90 சென்டிமீட்டர் போதும் என்கிறார்.
- வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: போதாது. உயரம் 1 என்றால் நீளம் 12. அதாவது உங்களுக்கு 180 சென்டிமீட்டர். 90 வைத்தால், மழையில் நனைந்த தரையில் நாற்காலியைத் தள்ளுகிறவரும் சேர்ந்து சறுக்குவார். மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட வசதி பற்றி எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலை இருக்கிறது. குத்தகையாளரிடம் அந்த எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். சாய்தளத்தின் மேல்முனையில், கதவைத் திறக்கும்வரை நாற்காலி உருளாமல் நிற்கச் சமதரை விடச் சொல்லுங்கள். இரு ஓரத்திலும் சிறு திண்டும் வேண்டும். கார் நிறுத்த இடம் குறையும் என்று வீட்டில் பேச்சு வரும். காரைத் தெருவில் நிறுத்திக்கொள்ளலாம்.