உலகில் சில இடங்களில் மட்டும் மக்கள் நெருக்கியடித்துக் குடியேறுவது ஏன்?

தண்ணீர், நல்ல மண், தாங்கக்கூடிய வெப்பம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். தவறில்லை, ஆனால் அது பாதிப் பதில்தான்.

தண்ணீருக்கு எகிப்தை விடச் சிறந்த சாட்சி கிடையாது. நாட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் நைல் ஓரத்திலும் கழிமுகத்திலுமாகச் சுமார் 5 சதவீத நிலத்துக்குள் இருக்கிறார்கள். சரி, தண்ணீர் கொட்டிக் கிடக்கும் அமேசான் காடு ஏன் காலியாக இருக்கிறது?

மண்தான் காரணம். இந்தோனேசியாவைப் பாருங்கள். ஜாவாவில் சுமார் 15 கோடிப் பேர். போர்னியோத் தீவில் உள்ள கலிமந்தான் அதைப்போல் நான்கு மடங்கு பெரியது, ஆனால் மக்கள் 2 கோடிகூட இல்லை. வெயிலும் மழையும் இரண்டிலும் பெரிதாக வேறுபடாது. ஜாவாவில் எரிமலைச் சாம்பல் மண்ணுக்கு அவ்வப்போது புதுச் சத்தைச் சேர்க்கிறது. கலிமந்தானில் எரிமலை சீறுவதில்லை. பெய்யும் மழை இருக்கிற சத்தையும் கழுவிவிடும். காட்டை வெட்டி விதைத்தால் இரண்டு மூன்று போகத்தில் விளைச்சல் படுத்துவிடும். 1990களின் நடுவில் அங்கே சுமார் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்க அரசு கால்வாய் வெட்டியது. நீர் வடிந்ததும் மட்கிய தாவரத்தாலான கரிமண் காய்ந்து, 1997 வறட்சியில் தீப்பிடித்தது. நெல் விளையவில்லை. ஆளைக் கொண்டுபோய் இறக்கலாம், மண்ணை எங்கிருந்து கொண்டுபோவது?

உயரத்தின் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். குளிர்நாட்டில் அது தொல்லை, நிலநடுக்கோட்டருகே வரம். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா 2,640 மீட்டரில் பெருநகரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காசு கிடைக்குமென்றால் இந்தக் கணக்கையும் மீறுவார்கள்: பெருவின் லா ரின்கோனாடா சுமார் 5,100 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஆனால் தங்கம் இருக்கிறதே!

பலர் கவனிக்காதது, சரக்கு கைமாறும் இடம். அமெரிக்காவின் ரிச்மண்ட், ஆகஸ்டா இரண்டும் ஆற்றில் படகு மேற்கொண்டு போக முடியாமல் பாறைச்சரிவு மறித்த இடங்கள். சரக்கை இறக்க வேண்டும், எனவே கிடங்கு, சந்தை, சத்திரம் வந்தன. விழும் நீரில் ஆலைகள் ஓடின. ரயில் வந்தபின் அந்தத் தேவை போயிற்று, ஊர் போகவில்லை. வேலையும் உறவும் அங்கேயே இருந்ததால் புதிதாக வந்தவர்களும் அங்கேதான் வந்தார்கள்.

ஏசி வந்ததும் பாலைவனமும் நகரமானது: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில் 1950இல் சுமார் 1.07 லட்சம் பேர், 2020இல் 16 லட்சம். 2023இல் அரிசோனா அரசு, நிலத்தடி நீரை மட்டும் நம்பி அந்நகரைச் சுற்றிப் புது மனைப்பிரிவு போட அனுமதி தருவதை நிறுத்தியது.