அரசு வேலையில் சேரும் பெண் சேலைதான் கட்ட வேண்டுமா? உடைக்குப் பணம் தருவார்களா?

இளநிலை உதவியாளராகச் சேரப் போவதாகவும், சுடிதார் போட்டால் ஏதாவது சொல்வார்களா, உடைப்படி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என்னைப் போல தினமும் வண்டியில் போய்வரப் போகிறவர் என்று நினைத்துச் சொல்கிறேன்.

சேலை கட்டாயம் இல்லைங்க. 2019 மே மாதம் வந்த தமிழ்நாடு அரசாணையில் பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் எல்லாம் சரி என்று இருக்கிறது. ஆண்கள் வேட்டி கட்டியும் வரலாம். "அது தலைமைச் செயலகத்துக்குப் போட்டதாச்சே" என்று யாராவது கிளம்புவார்கள். ஆமாம், அங்கே போட்டதுதான். கோட்டையிலேயே சரியென்று சொன்ன உடை, தாலுகாவில் மட்டும் எப்படித் தப்பாகும்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பல்லடம் பக்கம். 2018இல் வேலையில் சேர்ந்தேன். வீட்டிலிருந்து அலுவலகம் 18 கிலோமீட்டர், ஸ்கூட்டரில்தான் போவேன். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி அடிக்கும் என்று எங்கள் பக்கம் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்பில் செருகியிருந்த முந்தானை பிய்த்துக்கொண்டு போய்ப் பின் சக்கரத்தில் சுற்றிவிட்டது. ரோட்டோரம் விழுந்தேன். பின்னால் லாரி எதுவும் வரவில்லை என்பதால்தான் இன்று இதை எழுதுகிறேன். வலது மணிக்கட்டு எலும்பு விட்டுப்போய் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

கட்டுப் போட்ட கையால் கொசுவம் வைக்க முடியுமா? சுடிதாரில் போனேன். மேலதிகாரி எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "ஏம்மா, இது ஆபீஸா, காலேஜா?" என்றார். கையைப் பார்த்தும் கேட்டார். "எந்த விதியிலங்க சார் இருக்குது?" என்று கேட்டேன். "வழக்கம்னு ஒண்ணு இருக்குதல்ல" என்றார். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே முடியவில்லை. அடுத்த நாளும் சுடிதாரில்தான் போனேன். அதற்கு அடுத்த நாளும். மறு வருடம் அரசாணை வந்தபோது அதை அச்செடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சேலைக்கு நான் எதிரி என்று தயவுசெய்து யாரும் சண்டைக்கு வராதீர்கள். என் பீரோவில் நெகமம் காட்டன் மட்டும் பதினொன்று இருக்கிறது. விருப்பப்பட்டுக் கட்டுவது வேறு, பயந்து கட்டுவது வேறு.

அப்புறம் பணம். நம் வேலைக்குச் சீருடை கிடையாது, அதனால் உடைப்படியும் கிடையாது. டிரைவர், அலுவலக உதவியாளர் போலச் சீருடை விதித்திருக்கும் வேலைகளுக்குத்தான் துணியும் தையல் கூலியும். மத்திய அரசில் கணக்கு வேறு. என் அண்ணன் ரயில்வேயில் டிராக்மேன், தண்டவாளத்தைப் பார்த்துப் பராமரிக்கிற வேலை. 2017 ஜூலைக்குப் பிறகு சலவைப்படி என்று தனியாக இல்லை. எல்லாம் சேர்த்து உடைப்படியாக வருடத்துக்கு 5,000 ரூபாய், ஜூலைச் சம்பளத்தோடு வரும். அகவிலைப்படி 50 சதவீதம் ஆனதால் 2024 ஜனவரியிலிருந்து அது 6,250 ஆனது. வெயிலில் ஜல்லிக்கல் மேல் நடக்கிற ஆளுக்கு அது பெரிய காசில்லை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் துணி என்று பேச்சு வந்தபிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா விசைத்தறிக்காரர், நாலு தறி. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைத் துணியும், பொங்கலுக்குத் தருகிற வேட்டி சேலையும் எங்கள் பக்கத்துத் தறிகளில் ஓடியவைதான். அந்த வேட்டி சேலைத் திட்டம் 1983இல் ஆரம்பித்தது. அப்பாவின் வாலிபமே அதில் போனது. ஆர்டர் வரும் மாதங்களில் ராத்திரி பகலாகத் தறி ஓடும். நெய்து கொடுத்த பிறகு கூலிக்கு நடையாய் நடப்பார். என் பத்தாம் வகுப்புச் சீருடைக்குத் தையல்காரரிடம் கடன் சொல்லித்தான் வாங்கினோம். ஊருக்கே துணி நெய்தவர் வீட்டில். அந்தக் கூலியைத் தாமதித்தவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் போகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேரும் நாளில் எதை உடுத்தினாலும், வண்டியில் ஏறும் முன் முந்தானையையோ துப்பட்டாவையோ பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டு, ஒரு ஊக்கும் குத்திக்கொள்ளுங்கள். ஆடியில் இரண்டு ஊக்கு.