குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கும் அப்பீல் உண்டு

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் கூலி நான். எஸ்டேட் குடோனில் இரண்டு மூட்டை மிளகு திருடியதாக என் 20 வயது மகன் மீது வழக்கு. 'ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்' என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டான். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இரண்டு வருடம் போட்டுவிட்டார்கள். இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. 18 நாள் ஆகிறது. ஒப்புக்கொண்டதால் அப்பீல் கிடையாது என்கிறார்கள். இன்னொருவர் செல்போனில் ஒரு பட்டியலைக் காட்டி, 'விதிப்படி ஆறு மாதம்தான், 40,000 கொடுத்தால் குறைத்துத் தருகிறேன்' என்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அப்பீலுக்கு 30 நாள். உங்களுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது.

அவர் காட்டியது போன்ற தண்டனைப் பட்டியல் நம் நாட்டில் கிடையாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தக் குற்றத்துக்கு இவ்வளவு என்று வழிகாட்டு விதிகள் இருக்கின்றன. இங்கே குடோன் திருட்டுக்குச் சட்டம் ஏழு வருடம் வரை என்று உச்சவரம்பு மட்டும்தான் சொல்கிறது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் மூன்று வருடம் வரை கொடுக்கலாம். மிச்சமெல்லாம் நீதிபதியின் கையில். வழிகாட்டு விதி வேண்டும் என்று, குற்ற வழக்கு நடைமுறையைச் சீர்திருத்த மத்திய அரசு அமைத்த மலிமத் கமிட்டி 2003-லேயே சொன்னது. 2008-ல் உச்ச நீதிமன்றமும் அது இல்லாத குறையைச் சுட்டிக்காட்டியது. இன்னும் வரவில்லை. ஒரே மாதிரித் திருட்டுக்கு ஒரு கோர்ட்டில் நன்னடத்தைப் பிணை (ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு சிறைக்கு அனுப்பாமல் விடுவது), அடுத்த கோர்ட்டில் இரண்டு வருடம் என்று பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் மிஞ்சியிருக்கிறது. ஆகவே பட்டியலை மீறிவிட்டார்கள் என்று வாதாடினால், அப்பீலைக் கேட்கும் சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் எடுபடாது.

சரி, ஒப்புக்கொண்டால் அப்பீல் கிடையாது என்பது? அது பாதி உண்மை. குற்ற வழக்கு நடத்தும் முறையைச் சொல்லும் புதிய சட்டத்தில் (BNSS) 416-வது பிரிவு, பழையதில் (CrPC) 375. ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு அப்பீல் இல்லை என்று ஆரம்பிக்கும். படிப்பவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனை என்றால், தண்டனை எவ்வளவு, அது சட்டப்படி சரியா என்ற இரண்டுக்கும் அப்பீல் உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. அதாவது, 'நான் திருடவே இல்லை' என்று இப்போது ஆரம்பிப்பது கடினம். 'திருடியது தப்புதான், இரண்டு வருடம் அதிகம்' என்று தாராளமாகக் கேட்கலாம். வழக்குப் பேரம் (குறைந்த தண்டனைக்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேசி முடிப்பது) என்று தனியாக மனு போட்டு முடித்த வழக்குக்கு மட்டும் இந்த வழி இல்லை. அப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டானா என்று மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனின் பலம் அவன் வயது. 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, இந்த மாதிரி வழக்கில் 21 வயது நிரம்பாதவரைச் சாதாரணமாகச் சிறைக்கு அனுப்பக்கூடாது. அனுப்பினால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 'குற்றத்தின் தன்மையைக் கருதி நன்னடத்தைச் சட்டத்தின் பலனை வழங்க முகாந்திரமில்லை' என்று ஒரே வரி இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறாமல் ரப்பர் ஸ்டாம்ப் போல விழும் வரி அது. பையனின் வயது என்ன, முன்வழக்கு உண்டா, மூட்டை திரும்பக் கிடைத்ததா என்று ஒரு சொல்கூட இல்லாவிட்டால், அப்பீலை அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தீர்ப்பு நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 'நாளைக்கு வாங்க' என்று அலையவிட்டால் எழுத்தில் மனு கொடுங்கள். சான்றிட்ட நகலுக்குக் காத்திருக்கும் நாட்கள் 30-ல் சேராது என்றாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். அப்பீலோடு, தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அப்பீல் முடிவதற்குள் தண்டனையே முடிந்துவிடும். ரிமாண்டில் இருந்த நாட்களைக் கழித்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

'அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும்' என்று இன்னொருவர் பயமுறுத்துவார். அரசுத் தரப்பு தனியாக அப்பீல் போடாதவரை, உங்கள் அப்பீலில் செஷன்ஸ் கோர்ட் தண்டனையைக் கூட்ட முடியாது. 'ஜட்ஜைத் தெரியும்' என்று கோர்ட் வாசல் டீக்கடையில் நிற்பவர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள். எதுவும் எழுதாத வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் காகிதம்) கைரேகை வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் கெடு தாண்டிவிடும். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனு, அதற்குத் தனியாக ஃபீஸ் என்று மறுபடி வருவார்கள்.

சிறையில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உரிமை. வருமானச் சான்று தேவையில்லை. அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; 15100-க்குப் போனும் செய்யலாம். சிறை அதிகாரி வழியாக மகனே அப்பீல் மனு கொடுக்கவும் முடியும்.

நாளைக்கே முதல் பஸ்ஸில் மலையிறங்கி வாருங்கள். தீர்ப்பு நகல் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வழக்கு எண் போதும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பிறப்புச் சான்றையும் மறக்காதீர்கள். வயதை நிரூபிக்க அந்தக் காகிதம்தான் வேண்டும்.