டாமி டங்கன்: வெஸ்டர்ன் ஸ்விங்கின் நிதானக் குரல்

அமெரிக்க வயலின் கலைஞர் பாப் வில்ஸ் நடத்திய, வெஸ்டர்ன் ஸ்விங் (கிராமிய இசையும் ஜாஸும் கலந்த நடன இசை) வாசித்த டெக்சஸ் பிளேபாய்ஸ் குழுவில் பாடிய டாமி டங்கன் யார் என்று கேட்டிருந்தீர்கள். 1911-இல் டெக்சஸில் பிறந்த அவர், 1932-இல் லைட் கிரஸ்ட் டோபாய்ஸ் என்ற வானொலிக் குழுவில் பாடகர் மில்டன் பிரவுன் விட்டுச்சென்ற இடத்துக்குத் தேர்வானார். அடுத்த ஆண்டே, அக்குழுவில் இருந்த வில்ஸுடன் வெளியேறி, பின்னர் ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரின் வானொலி வழியாகப் புகழடைந்தார். வயலினும் ஸ்டீல் கித்தாரும் ஊதுகருவிகளும் சேர்ந்து முழங்கும் நடன இசைக்கு நடுவே, கிராமிய இசைப் பாடகர் ஜிம்மி ரோட்ஜர்ஸின் ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கரின் சோக இசை) சாயலையும் மெல்லிசைப் பாடகர் பிங் கிராஸ்பியின் மென்மையையும் இணைத்து, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி பதற்றமின்றிப் பாடியதே அவருடைய தனிச்சிறப்பு என்பேன். வில்ஸ் இடையிடையே எழுப்பும் கூவல்கள்கூட அந்த நிதானத்தைக் கலைத்ததில்லை. 1940-இல் அவர் குரலில் பதிவான ‘நியூ சான் அன்டோனியோ ரோஸ்’ குழுவை நாடறியச் செய்தது. 1948-இல் வில்ஸ் அவரை நீக்கியபின் டங்கன் அமைத்த சொந்தக் குழுவுக்கு அதே வரவேற்பு கிட்டவில்லை. 1960-ஐ ஒட்டி இருவரும் மீண்டும் இணைந்து பாடல்களைப் பதிவுசெய்தனர். 1967-இல் டங்கன் மாரடைப்பால் காலமானார்.