ஜோர்டான் பாலைவன ட்ரெக்கிங்: 3 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. கோவையில் தனியார் வேலை. பிடித்தம் போகக் கைக்கு மாதம் ₹82,000 வருகிறது. ஜோர்டானில் தானா என்ற ஊரிலிருந்து பெட்ரா வரை பாலைவனத்தில் நடக்கும் பயணத்துக்கு, நண்பர்கள் மூவருடன் வரும் அக்டோபர் கடைசியில் கிளம்ப ஆசை. ஏஜென்ட் 9 நாளுக்கு, விமான டிக்கெட் சேர்க்காமல், தலைக்கு ₹1,65,000 சொல்கிறார். கையில் ₹1,05,000 இருக்கிறது. மே மாதத்திலிருந்து மாதம் ₹22,000 ஒதுக்கலாம். இது போக அவசரத்துக்கு ₹3 லட்சம் எஃப்.டி., மகளின் கல்லூரிக்கு ₹4.6 லட்சம் மியூச்சுவல் ஃபண்ட் உண்டு. வங்கி 14% வட்டியில் ₹3 லட்சம் தனிநபர் கடன் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா? ஷூ, பை எல்லாம் 2017-ல் வாங்கியது வீட்டில் இருக்கிறது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: கடன் வேண்டாம். எஃப்.டி.யையும் மகளின் ஃபண்டையும் தொட வேண்டாம். பயணத்தை 2027 மார்ச்சுக்குத் தள்ளுங்கள். அக்டோபருக்குக் கணக்கு உதைக்கிறது. மார்ச்சில் கடனே இல்லாமல் போய்வரலாம். நடப்பதற்கு மார்ச்சும் நல்ல பருவம்தான். 2027-ல் ரமலான் பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கி மார்ச் 9 வாக்கில் முடிகிறது. நோன்பு நாட்களில் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும். வழிகாட்டியும் நோன்பில் இருக்கலாம். பெருநாள் கூட்டமும் கலையட்டும். மார்ச் 18-க்குப் பிறகு கிளம்பும்படி தேதி கேளுங்கள்.

முதலில் செலவைப் பார்ப்போம். ஏஜென்ட் சொன்ன ₹1,65,000. விமானத்துக்கு ₹50,000 என்று வைப்போம். ஜோர்டான் தினார் டாலருடன் கட்டப்பட்ட நாணயம்: 1 டாலர் 0.709 தினார். டாலர் ₹90 என்று வைத்தால் 1 தினார் சுமார் ₹127. 'ஜோர்டான் பாஸ்' 75 தினார், அதாவது சுமார் ₹9,500. இதில் பெட்ராவுக்கு 2 நாள் நுழைவு அடக்கம். ஜோர்டானில் இறங்கும் முன்பே வாங்கி, குறைந்தது 3 இரவு தங்கினால் 40 தினார் விசா கட்டணமும் இல்லை. தனித்தனியாகக் கட்டினால் விசா 40, பெட்ரா 2 நாள் 55, ஆக 95 தினார். இந்தப் பாஸ் விசாவின் கட்டணத்தை மட்டும்தான் தள்ளுபடி செய்கிறது; விசா நிபந்தனைகளை அது மாற்றாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அப்போது என்ன விதி என்பதை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸுக்கு ₹5,000, ஷூ முதலான பொருட்களுக்கு ₹18,000, தலைநகர் அம்மானில் சாப்பாடு, டிப்ஸ், சில்லறைச் செலவுக்கு 200 தினார் (₹25,400), டூர் பேக்கேஜ் மீது ஏஜென்ட் முன்கூட்டியே பிடிக்கும் வரியான 2% டி.சி.எஸ். ₹3,300. மொத்தம் ₹2,76,000-ஐத் தாண்டுகிறது. இதற்கு மேல் ₹55,000 தொடாத பணமாக நிற்க வேண்டும். விமானம் ரத்தானால் புது டிக்கெட், மூன்று நான்கு இரவு ஓட்டல், ஒரு மருத்துவமனை டெபாசிட், இவற்றுக்கானது அது. ஆக ₹3,31,000.

செப்டம்பர் முடிய உங்களிடம் சேருவது ₹2,15,000. ₹1,16,000 துண்டு விழுகிறது. அதை அடைக்க ₹3 லட்சம் கடன் எடுத்தால், 3 ஆண்டுக்கு மாதத் தவணை ₹10,250 வாக்கில் வரும். வட்டி மட்டும் ஏறக்குறைய ₹69,000. நான் ரிசர்வாக வைக்கச் சொல்லும் தொகையைவிட அது அதிகம். மகள் கல்லூரிக்குப் போகும் ஆண்டுகளில் இந்தத் தவணை உங்கள் ₹22,000-த்தில் பாதியைத் தின்றுகொண்டிருக்கும்.

மார்ச் என்றால் 10 மாதத் தவணை கிடைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஆர்.டி.யில் போட்டுவிடாதீர்கள். ஆர்.டி.யில் நடுவில் கொஞ்சம் மட்டும் எடுக்க முடியாது, மொத்தமாக உடைக்க வேண்டியிருக்கும். பயணப் பணமோ மூன்று கட்டமாகப் போகும். வழக்கம்போல 30% முன்பணம் என்றால் செப்டம்பரில் ₹49,500, டிசம்பரில் விமான டிக்கெட், கிளம்ப 45 நாள் இருக்கும்போது மீதி. எனவே கையிலுள்ள ₹1,05,000-ஐ இரண்டு எஃப்.டி.யாகப் பிரித்து, ஒன்றை செப்டம்பரிலும் மற்றதை டிசம்பரிலும் முதிரவையுங்கள். மே முதல் ஜனவரி வரை 9 தவணை ஆர்.டி., பிப்ரவரித் தொடக்கத்தில் முதிரும்படி. பிப்ரவரியின் ₹22,000 சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். 6.5% வட்டி கிடைத்தால் எல்லாம் சேர்ந்து ₹3,33,000-க்குச் சற்று மேல், கணக்கு நிமிர்ந்துவிடும். 10 மாதத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தை ஃபண்டில் வைக்காதீர்கள்.

இனி ஏஜென்டின் ₹1,65,000. இந்தத் தொகை நியாயமா என்பதைத் தண்ணீரைக் கேட்டால் தெரிந்துகொள்ளலாம். பாலைவனத்தில் நடக்கும் ஒருவருக்கு நாளுக்கு 4 முதல் 5 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நான்கு நாள் தண்ணீரை முதுகில் ஏற்றினால் 16 முதல் 20 கிலோ; துணி, தூக்கப்பை, சாப்பாடு வேறு. யாராலும் அப்படி நடக்க முடியாது. தானா–பெட்ரா பாதை ஏறத்தாழ 70 முதல் 80 கிலோமீட்டர், ஊற்றுகளை நம்பிப் போகும் பாதையும் அல்ல. அதனால்தான் ஜீப் ஒன்று ஒவ்வொரு முகாமுக்கும் தண்ணீரும் மூட்டையும் கொண்டுவருகிறது. அந்த ஜீப்பும் ஓட்டுநரும் வழிகாட்டியும்தான் இந்தப் பயணத்தின் பெரிய செலவு. மலிவாகச் சொல்பவர் பெரும்பாலும் கைவைப்பதும் அங்கேதான். எனவே முன்பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்: ஜீப் எல்லா இரவும் வருமா, தலைக்கு நாளுக்கு எத்தனை லிட்டர், நால்வரில் ஒருவர் விலகினால் மற்ற மூவருக்குத் தலைக்கு எவ்வளவு ஏறும்? ஜீப் கட்டணம் ஆளுக்கு ஆள் குறையாது என்பதால் கடைசிக் கேள்விதான் கிளம்பும் நேரத்தில் கசக்கும்.

வெள்ளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 2018 நவம்பர் 9 அன்று பெட்ராவில் திடீர் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகளை வெளியேற்றினார்கள். எங்கோ மலையில் பெய்த மழை, காய்ந்து கிடக்கும் ஓடையில் சிறிது நேரத்தில் பாய்ந்து வந்துவிடும். வசந்தத்திலும் இது நடக்கும். வழிகாட்டி 'இன்று ஓடைக்குள் இறங்க வேண்டாம்' என்றால் பாதையை மாற்றும் செலவு யாருடையது, உபரி நாள் ஒன்று திட்டத்தில் உண்டா என்று எழுதி வாங்குங்கள். உபரி நாள் இல்லாத திட்டத்தில், விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் தப்பான முடிவு எடுக்க நேரும். ₹1,65,000-க்கு மேல் ஒரு நாள் வாடகை கொடுத்தாவது அதைச் சேருங்கள்.

இன்சூரன்ஸில் ₹1,000 மிச்சம் பிடிக்காதீர்கள். மருத்துவக் காப்பு 1,00,000 டாலராக இருக்கட்டும். 'சாகச விளையாட்டு' விலக்கில் ட்ரெக்கிங் வருகிறதா, மனித நடமாட்டம் இல்லாத இடத்திலிருந்து மீட்டு வரும் செலவு உண்டா என்று கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றுவது வேறு, ஓடைக்குள்ளிருந்து தூக்கி வருவது வேறு. பல பாலிசிகள் முதலாவதை மட்டும் தருகின்றன. பி.பி.யை விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள். மறைத்தால் மயங்கி விழுந்ததற்கான கிளெய்மே நிராகரிக்கப்படலாம். உங்கள் மாத்திரையில் நீரை வெளியேற்றும் மருந்து கலந்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். வெயிலில் அது உடல்நீரை மேலும் குறைக்கும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அந்தப் பகுதியின் வான்வெளி 2024 ஏப்ரலிலும் 2025 ஜூனிலும் திடீரென மூடப்பட்டது. போர் தொடர்பான ரத்தை இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்காது. ஆகவே பணம் திரும்பக் கிடைக்கும் விமான டிக்கெட்டுக்கு சற்று அதிகம் கொடுங்கள். இந்திய அரசு பயணத்தைத் தவிர்க்கச் சொன்னால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் வேண்டும்.

டி.சி.எஸ். உங்கள் பான் எண்ணில் வரவாகும். உங்கள் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் வரி வராது என்பதால், கணக்குத் தாக்கல் செய்தால்தான் ₹3,300 திரும்பும். மறந்துவிடாதீர்கள்.

பணத்தில் 500 டாலரை ரொக்கமாகக் கொண்டுபோய் அம்மான் நகரில் மாற்றுங்கள். ஃபாரெக்ஸ் கார்டில் டாலர் ஏற்றித் தினாரில் தேய்த்தால் இன்னொரு மாற்றுக் கட்டணம் விழும். கார்டு தேய்க்கும் இயந்திரம் 'ரூபாயா, தினாரா' என்று கேட்டால் தினாரையே அழுத்துங்கள். அங்கே 1 தினாருக்கு 1,000 ஃபில்ஸ், அதனால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். பில்லில் 12.500 என்றிருந்தால் பன்னிரண்டரை தினார். நடக்கும் நாட்களில் ஏ.டி.எம். கிடையாது, 1, 5 தினார் நோட்டுகள் கணிசமாக வைத்திருங்கள்.

2017 ஷூவை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். சும்மா கிடந்தாலும் ஈரக்காற்றில் நடு அடிப்பாகத்தின் நுரை உதிரத் தொடங்கிவிடும். குதிகாலுக்குக் கீழுள்ள அந்த நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொடியானாலோ வெடிப்பு தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். புதியதை டிசம்பருக்குள் வாங்கி மருதமலைப் படிகளில் பழக்குங்கள். தூக்கப்பையை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். சாட்டிலைட் போனோ சாட்டிலைட் மெசேஜ் கருவியோ வாங்கவே வேண்டாம். உரிமம் இல்லாமல் இந்திய விமான நிலையத்தில் வைத்திருந்ததற்காகப் பலர் பிடிபட்டிருக்கிறார்கள். உள்ளூர் வழிகாட்டியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், அது போதும்.

₹3 லட்சம் எஃப்.டி. உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், கிளம்பும் முன் மனைவியை இணைத்து, முதிர்வுக்கு முன்பும் 'இருவரில் ஒருவர்' எடுக்கும்படி வங்கியில் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். அங்கே மருத்துவமனை பணம் கேட்டால் இங்கிருந்து அனுப்ப வேண்டியவர் அவர்.